ஆறால் வகுத்த வட்டம்

ஆகஸ்ட் 4, திங்கள்

என் கட்டிங் மேஜையின் நடுவில் என் மகன் ஓட்டை போட்டுவிட்டான். மூன்றடி நீளம், இரண்டடி அகலம். என்னைக் கேட்கவில்லை. நடந்த தவறு இதுதான். இதற்குப் பிறகு நடந்ததைத் தவறு என்று சொல்கிறவர்கள் முதலில் இந்த வரியைப் படித்துவிட்டுப் பேச வேண்டும். அதற்காகத்தான் எழுத ஆரம்பிக்கிறேன். இது கடையில் வாடிக்கையாளர்களின் அளவு எழுதிய நோட்டு. பின்பக்கம் நிறையத் தாள் வெறுமையாக இருக்கிறது.

மேஜை எட்டடிக்கு நாலடி. தேக்கு. அதன்மேல் முப்பத்தெட்டு வருடம் துணி வெட்டினேன். பொன்மலையில் இந்த அருளாந்து மாஸ்டரின், குடைபோல் விரியும் அம்ப்ரெல்லா பாவாடை என்றால் தெரியாத பெண்கள் குறைவு. எனக்கு யாரும் தொழில் சொல்லிக் கொடுக்கவில்லை. படிப்பு ஐந்தாம் வகுப்பு. பழைய பாவாடைகளைப் பிரித்துப் பிரித்துப் பார்த்து நானே கண்டுபிடித்துக்கொண்டது. துணியை நாலாக மடி. இடுப்பு அளவை ஆறால் வகு. வந்த அளவுக்கு மடிப்பு மூலையிலிருந்து டேப்பை வைத்துச் சாக்பீஸால் சுற்றிக் கோடு போடு. வெட்டு. பெரிய கடைகளில் இதற்கு அளவு அட்டை வைத்திருப்பார்கள். எனக்கு ஆறு போதும்.

கடையை மூடிய பிறகு மேஜை வீட்டு மாடி அறைக்கு வந்தது. மகன் பெலிக்ஸுக்கு முப்பத்தாறு வயது. ரயில்வே பணிமனையில் டெக்னீஷியன். பகலெல்லாம் நிஜ ரயிலோடு இருந்துவிட்டு வீட்டுக்கு வந்தால் பொம்மை ரயில். பொம்மை என்றால் கோபம் வரும், மாடல் என்று சொல்ல வேண்டும். மேஜைமேல் சுற்றிலும் தண்டவாளம் பதித்தான். பொறுத்துக்கொண்டேன். ரயில் சுற்றி வர, தான் நடுவில் நின்று பார்த்துக்கொள்ள வேண்டுமாம். அதற்கு ஓட்டை.

ஜூலை 27 அன்று கதவுப் பக்கத்துத் தண்டவாள வளைவைப் பிடுங்கினேன். நாலு நாளில் மனைவி செலினைக் கூட்டிக்கொண்டு பொன்மலைப்பட்டியில் வாடகை வீட்டுக்குப் போய்விட்டான்.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

என் மனைவி லூர்து, மகன் வீட்டுக்குப் போய்விட்டு வந்தாள். செருப்பைக் கழற்றும்போதே ஆரம்பித்தாள்.

"பெரம்பூருக்கு மாத்தல் கேட்டு எழுதிக் குடுக்கப் போறானாம். இந்த மாசம் இருபத்தொன்பதாந்தேதி கடைசி நாளாம்."

"போகட்டுமே. பெரம்பூர் என்ன பர்மாவா?"

"போனான்னா அப்புறம் உங்களுக்கு எண்ணெய் வைக்கத்தான் வருவான்."

"எனக்கு எதுக்கு எண்ணெய்? எனக்கென்ன முழங்கால் வலியா?"

"செத்தா வைப்பாங்கல்ல, அதைச் சொன்னேன்."

இந்த வீட்டில் கிறிஸ்தவ முறைப்படி அதெல்லாம் கிடையாது என்று சொன்னேன். அவள் அடுப்படிக்குப் போனாள். பிறகு அங்கிருந்தே பேசினாள். பிடுங்கியதைப் பழையபடி போடட்டும், அப்புறம் அந்த வீட்டு வாசலை மிதிப்பதைப் பற்றிப் பேசலாம் என்று அவன் சொன்னானாம். முதலில் அவன் மேஜையைப் பழையபடி ஆக்கட்டும் என்றேன்.

ஆகஸ்ட் 6, புதன்

வளைவை நானே போடுவதென்று முடிவு செய்திருக்கிறேன். அவனுக்காக இல்லை. ஓட்டைக்குள் நிற்காமல், வெளியிலிருந்தே இந்த வளைவைப் போட முடியும் என்று காட்டுவதற்கு. காட்டிவிட்டால் ஓட்டை தேவையில்லாதது என்று ஆகிவிடும். ஆகிவிட்டால் அவன் பேச வழியில்லை.

ஆகஸ்ட் 7, வியாழன்

பிடுங்கிய தண்டவாளத்தை ஒடியாமல் எடுத்து வைத்திருந்தேன். இரண்டு துண்டு. பிளாஸ்டிக் கட்டைகளின் மேல் இரண்டு மெல்லிய கம்பிகள், கையால் வளைத்தால் வளைகிறது. கட்டைகளின் நடுவில் டேப் பிடித்து அளந்தேன். ஒன்று முப்பத்தாறு அங்குலம், ஒன்று முப்பது. மொத்தம் அறுபத்தாறு.

மேஜையின் முனையில் இது அரை வட்டமாகத் திரும்ப வேண்டும். முழு வட்டத்துக்கு ஆறு என்றால் அரை வட்டத்துக்கு மூன்று. அறுபத்தாறை மூன்றால் வகுத்தால் இருபத்திரண்டு. மையத்தில் ஓர் ஆணி, ஆணியிலிருந்து இருபத்திரண்டு அங்குலத்தில் கோடு. பாவாடை வெட்டுகிற அதே கணக்கு. இதற்கு இவர்கள் கம்ப்யூட்டரில் படம் போட்டார்களாம்.

ஒரு சிக்கல். மேஜையின் இரண்டு நீளப் பக்கங்களிலும் அவன் போட்ட நேர் தண்டவாளங்கள் அப்படியே இருக்கின்றன. அவற்றுக்கு நடுவே அளந்தேன். நாற்பத்திரண்டு. பாதி இருபத்தொன்று. என் வளைவு இருபத்திரண்டு. இரண்டு பக்கமும் ஓர் அங்குலம் இடிக்கிறது. இரண்டில் ஒன்று பொய்யாக இருக்க வேண்டும். வகுத்தல் பொய் சொல்லாது. ஆகவே அவன் நேர் தண்டவாளங்களைத் தப்பாகப் போட்டிருக்கிறான்.

"தப்பாப் போட்டிருந்தா ரயில் எப்படி ஓடுச்சு?" என்று லூர்து கேட்டாள்.

"பொம்மை ரயில்தானே. எப்படியும் ஓடும்."

ஆகஸ்ட் 9, சனி

மரச்சட்டத்தில் இரண்டு துளை போட்டேன். ஒன்றில் ஆணி, இருபத்திரண்டு அங்குலம் தள்ளி மற்றதில் பென்சில். வெளியிலிருந்து குனிந்து சட்டத்தைச் சுற்றினேன். வளைவில் பாதி வரை கை போகிறது. அதற்கு மேல் வயிறு மேஜை விளிம்பில் முட்டுகிறது. அந்தப் பக்கம் சுற்றிப் போய்ச் சுற்றினால் ஆணி ஆடுகிறது.

கொஞ்ச நேரம் கழித்து மேஜைக்கு அடியில் தவழ்ந்து போய் ஓட்டைக்குள் எழுந்து நின்றேன். வேறு வழியில்லாமல் இல்லை. ஓர் ஆணி கீழே விழுந்துவிட்டது, அதைத் தேடிப் போனேன். எழுந்து நின்ற இடத்தில் சட்டம் கைக்கு வாகாக இருந்ததால் கோட்டை முடித்துவிட்டேன்.

லூர்து டீ கொண்டுவந்து மேஜைக்கு மேலே நீட்டினாள். "லெவல் கிராசிங்ல நிக்கிற கேட் கீப்பர் மாதிரி இருக்கீங்க. கொடி ஒண்ணுதான் பாக்கி." இரண்டு மணி நேரம் அங்கேயே நின்று வேலை பார்த்தேன். முதுகு வலிக்கவில்லை. காரணம் தெரியவில்லை.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

எட்டு மணிப் பூசைக்குப் போனேன். பெலிக்ஸ் ஆறு மணிப் பூசைக்கு வந்துவிட்டுப் போய்விட்டானாம்.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

இரண்டு பக்க நேர் தண்டவாளங்களையும் எடுத்தேன், ஓர் அங்குலம் வெளியே தள்ளிப் போடுவதற்கு. லூர்து படியேறி வந்து வாசலில் நின்றாள்.

"இருக்கிறதையும் பிடுங்குறீங்களா?"

"சரி பண்றேன்."

"அவன் பாத்தா என்ன நெனப்பான்?"

"அவன் எங்க பாக்கப் போறான்? அவன்தான் வாசல் மிதிக்க மாட்டேன்னுட்டானே."

"மே மாசம் உங்களக் கேட்டானே, அப்பவே வேணாம்னு சொல்லியிருக்கலாம்ல."

கேட்கவே இல்லை என்றேன். கேட்டான் என்கிறாள். நான் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேனாம். "அப்பா, மேஜைல நடுவுல கொஞ்சம் அறுத்துக்கவா" என்றானாம். நான் உம் என்றேனாம். அதற்கும் முன்னால், கடையை மூடிய அன்று, இனிமேல் எனக்கு எதற்கு இந்த மேஜை, நீயே வைத்துக்கொள் என்று அவனிடம் சொன்னேனாம். அன்று நான் என்னென்னவோ சொல்லியிருப்பேன். உம் என்பது சம்மதமா? பேப்பர் படிக்கிறவன் உம் என்றால் பேப்பரில் உள்ளதற்குச் சொல்கிற உம் அது.

ஆகஸ்ட் 14, வியாழன்

வளைவைப் போட்டேன். கோட்டின் மேல் பிசகாமல், அங்குலத்துக்கு அங்குலம் குண்டூசி குத்தி நிறுத்தினேன். தள்ளிப் போட்ட இடது பக்க நேர் தண்டவாளத்தில் ஆரம்பித்து, முனையைச் சுற்றி, வலது பக்கத்துக்கு வந்தேன்.

சேரவில்லை. மூன்று அங்குலம் குறைகிறது.

திரும்ப எடுத்து வலது பக்கத்திலிருந்து ஆரம்பித்தேன். இடது பக்கத்தில் மூன்று அங்குலம் குறைகிறது.

அறுபத்தாறு அங்குலத் தண்டவாளம். அறுபத்தாறு அங்குலக் கோடு. எங்கே போயிற்று மூன்று அங்குலம்?

ஆகஸ்ட் 15, வெள்ளி

மாதா திருநாள். கோவிலிலிருந்து வந்ததும் செலினுக்குப் போன் செய்தேன்.

"மாமா! நல்லா இருக்கீங்களா? பிரஷர் மாத்திரை போடுறீங்களா?"

"அதெல்லாம் இருக்கட்டும். மூணு அங்குலத் துண்டு தண்டவாளம் ஒண்ணு குறையுது. அங்க இருக்கான்னு பாரு."

"நாங்க வர்றப்ப கையில இருந்தது ரெண்டு பையும் ஒரு குக்கரும்தான் மாமா. வேணா குக்கர்ல பாக்குறேன்."

"கிண்டல் பண்ணாத."

"இல்ல மாமா. அவர்கிட்ட குடுக்கவா? இங்கதான் இருக்கார்."

வேண்டாம், அடுப்பில் பால் வைத்திருக்கிறேன் என்று சொல்லி வைத்துவிட்டேன். அடுப்பில் எதுவும் இல்லை. போனை வைத்த பிறகுதான் தோன்றியது, தண்டவாளம் எதற்கு என்று அவள் கேட்கவே இல்லை. பயந்துகொண்டு கேட்காமல் விட்டிருப்பாள்.

ஆகஸ்ட் 16, சனி

டேப்பின் மேல் சந்தேகம் வந்தது. துணி டேப் நாளாக நாளாக நீளும். புது டேப் வாங்கி வந்து இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். மயிரிழை வித்தியாசம்கூட இல்லை. வெயிலில் கம்பி சுருங்கியதா என்று யோசித்தேன். வெயிலில் கம்பி நீளும். மேஜை உப்பியிருக்கிறதா என்று நூல் பிடித்துப் பார்த்தேன். இல்லை. லூர்து கூட்டும்போது ஆணியை நகர்த்தினாளா என்று கேட்டேன். "ஆமா, எனக்கு வேற வேலை இல்ல பாருங்க" என்றாள்.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

பெலிக்ஸ் வந்தான். எங்களைப் பார்க்க இல்லை. டிப்ளமா சான்றிதழ் மாடி பீரோவில் இருக்கிறதாம், மாற்றலுக்கு வேண்டுமாம். லூர்து இட்லி வைக்கட்டுமா என்றாள், சாப்பிட்டுவிட்டேன் என்றான். நேரே படியேறினான். நான் பின்னால் போனேன்.

அறைக்குள் நுழைந்ததும் நின்றுவிட்டான். இரண்டு பக்க நேர் தண்டவாளங்களும் மேஜையில் இல்லை, மறுபடி எடுத்துச் சுவரில் சாய்த்து வைத்திருந்தேன். கதவுப் பக்க வளைவும் அன்று காலையில்தான் மறுபடி எடுத்திருந்தேன், நாலாவது தடவையாக. ஜன்னல் பக்கத்து வளைவு மட்டும் தனியாக நின்றது.

"மிச்சத்தையும் கழட்டியாச்சா?"

"வேலை நடக்குது."

"அதான் தெரியுதே. அந்த ஒரு வளைவை மட்டும் எதுக்குப் பாக்கி வச்சிருக்கீங்க? நல்ல நாள் பாக்குறீங்களா?"

"நீ நேர் லைனை ரெண்டு பக்கமும் ஒரு அங்குலம் தப்பாப் போட்டிருக்கடா."

"ஒரு வருஷம் ஓடுச்சேப்பா."

"ஓடுனா சரின்னு அர்த்தமா?"

சிரித்தான். எனக்கு அந்தச் சிரிப்புப் பிடிக்கவில்லை. அதில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் பதில் சொல்லியிருப்பேன்.

"சரிப்பா. உங்க மேஜை, உங்க இஷ்டம். இருபத்தெட்டாந்தேதி லெட்டரக் குடுத்துடுறேன். கடைசி நாள் வரைக்கும் எதுக்குக் காத்திருக்கணும்?" சான்றிதழ் இருந்த கவரை எடுத்துக்கொண்டு இறங்கிவிட்டான்.

நான் போட்டுக்கொண்டிருக்கிறேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே என்று லூர்து கேட்டாள். பார்த்தால் தெரிய வேண்டாமா? மேஜைமேல் சுத்தியல் இருந்தது, குண்டூசி டப்பா இருந்தது. பிடுங்குகிறவனுக்குச் சுத்தியல் எதற்கு?

ஆகஸ்ட் 18, திங்கள்

லூர்து என்னோடு பேசவில்லை. தட்டை வைக்கிறாள், எடுக்கிறாள்.

ஜூலை 27 அன்று நடந்ததை முழுதாக எழுதிவிடுகிறேன், இல்லாவிட்டால் ஆளாளுக்கு ஒரு மாதிரி சொல்வார்கள். பணிமனையிலிருந்து பெலிக்ஸின் சிநேகிதர்கள் ஐந்து பேர் ரயில் பார்க்க வந்திருந்தார்கள். பெலிக்ஸ் ஓட்டைக்குள் நின்று ஓட்டிக்காட்டிக்கொண்டிருந்தான். நான் பிஸ்கட் தட்டோடு மேலே போனேன். ஓட்டையை அன்றுதான் பார்த்தேன். மாடிப்படி ஏறி மூன்று மாதம் ஆகியிருந்தது. ஒருவர் சொன்னார், "மாஸ்டர், பாவாடை வெட்டுன இடத்துல பையன் பாண்டியன் எக்ஸ்பிரஸ் விட்டுட்டாரே!" எல்லாரும் சிரித்தார்கள். பெலிக்ஸும் சிரித்தான். நான் தட்டைக் கீழே வைத்துவிட்டு வளைவில் கை வைத்தேன்.

என் கை படுவதற்கு முன்னால் அவன் கரண்ட்டை நிறுத்தினான். எனக்கு ஷாக் அடிக்கக் கூடாதென்று நிறுத்தினான் என்று நினைத்தேன். அதில் ஓடுவது பன்னிரண்டு வோல்ட்தான், தொட்டாலும் ஒன்றும் ஆகாது என்று பிறகு செலின் சொன்னாள். எஞ்சின் கீழே விழாமல் இருக்க நிறுத்தியிருப்பான் என்றால், எஞ்சின் அப்போது ஜன்னல் பக்கம் இருந்தது. அவன் ஏன் நிறுத்தினான் என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை. நான் பிடுங்கி முடிக்கும்வரை எல்லாரும் சும்மா நின்றார்கள். அவனும் ஓட்டைக்குள் சும்மா நின்றான். வெளியே வர வேண்டுமென்றால் என் காலடியில் தவழ்ந்துதான் வந்திருக்க வேண்டும்.

ஆகஸ்ட் 19, செவ்வாய்

தண்டவாளத்தை விட்டுவிட்டு, என் கணக்கு சரிதான் என்று எனக்கே காட்டிக்கொள்ளக் காகிதத்தில் பாவாடை வெட்டினேன். பேப்பரை நாலாக மடித்தேன். இடுப்பு முப்பது. ஆறால் வகுத்தால் ஐந்து. மூலையிலிருந்து ஐந்து அங்குலத்தில் சுற்றி வெட்டிப் பிரித்தேன். துளையின் விளிம்போடு புது டேப்பை நிறுத்திச் சுற்றினேன். முப்பது வர வேண்டும்.

முப்பத்தொன்றரைக்குக் கொஞ்சம் குறைவாக வந்தது.

வேறு பேப்பர் எடுத்தேன். அதே. இடுப்பு முப்பத்தாறுக்கு வெட்டினேன். முப்பத்தேழே முக்கால். மேலும் மேலும் வெட்டினேன். தரையெல்லாம் காகித வளையம். ஒவ்வொன்றும் கேட்டதைவிடப் பெரியதாக வருகிறது. முப்பத்தெட்டு வருடம் வராத மிச்சம் இப்போது எங்கிருந்து வருகிறது? கை நடுங்குகிறதா என்று நீட்டிப் பார்த்தேன். இல்லை.

லூர்து காகிதத்தைப் பொறுக்க வந்தாள். ஒரு வளையத்தை எடுத்து விரலில் மாட்டிச் சுற்றினாள்.

"எவ்வளவு கூட வருது?"

"ஒன்றரை. கொஞ்சம் குறைய."

"முப்பதுக்கு ஒன்றரைதான். முப்பத்தாறுக்கு ஒன்னே முக்கால்."

"உனக்கு எப்படித் தெரியும்?"

"நான்தான சுருக்குப் புடிச்சேன்."

எனக்கு விளங்கவில்லை. அவள் கீழே உட்கார்ந்து சொன்னாள். தைக்கச் சொல்லி நான் அவளிடம் வெட்டிக் கொடுத்த பாவாடை எதுவும் இடுப்புப் பட்டியோடு சரியாகச் சேர்ந்ததில்லையாம். எப்போதும் ஒன்று, ஒன்றரை மிச்சம் நிற்குமாம். நூலை ஓட்டி, வெளியே தெரியாதபடி சீராகச் சுருக்கி, பட்டிக்குள் விட்டுத் தைப்பாளாம். "துணிதான, சொன்னபடி கேக்கும்" என்றாள்.

"ஏன் சொல்லல?"

"சொன்னேனே. கல்யாணமான புதுசுல, ரெண்டாவது மாசம். ஆறுல வகுத்தா கூட வருதுங்கன்னு சொன்னேன். ஒரு வாரம் எங்கூடப் பேசல நீங்க. சாப்பாடுகூட எங்கம்மா வந்து கூப்பிட்டப்புறம்தான் சாப்டீங்க. அதவிடச் சுருக்குறது லேசுன்னு தோணுச்சு."

அப்படி ஒரு வாரம் எனக்கு ஞாபகம் இல்லை.

ஆகஸ்ட் 20, புதன்

இந்த நோட்டின் முன்பக்கத்தைப் புரட்டினேன். கடைசி இரண்டு வருடத்தில் திரும்பி வந்த பாவாடைகளைச் சிவப்பு மையில் குறித்திருக்கிறேன். இடுப்பு லூஸ். இடுப்பு லூஸ். இறங்குகிறது, பிடித்துத் தர வேண்டும். அப்போது தைத்துக் கொடுத்த ஆள் சரியில்லை என்று நினைத்தேன். அவன் போய் வேறு ஆள் வந்தான், அவனையும் திட்டினேன். ரெடிமேட் வாங்கிப் பழகிய பெண்களுக்கு அளவு தெரியவில்லை என்று கடையை மூடினேன்.

லூர்துவின் வலது கை மணிக்கட்டில் ஆபரேஷன் நடந்து, அவள் தைப்பதை விட்ட தேதியை மருத்துவச் சீட்டில் பார்த்தேன். பிறகு சிவப்பு மையில் முதல் வரி எழுதிய தேதியைப் பார்த்தேன். நடுவில் ஒன்பது நாள்.

வேறு காரணமும் இருக்கலாம்.

ஆகஸ்ட் 21, வியாழன்

எதுவும் செய்யவில்லை. வெற்றிலை வாங்கக் கடைக்குப் போனேன். வாங்காமல் வந்துவிட்டேன்.

ஆகஸ்ட் 22, வெள்ளி

லூர்து எட்டாம் வகுப்பு வரை படித்தவள். ஆறு இல்லையென்றால் வேறு எதுதான் என்று கேட்டேன். வெங்காயம் உரித்துக்கொண்டே சொன்னாள்: "இருபத்திரண்டின் கீழ் ஏழுன்னு டீச்சர் சொல்லிக் குடுத்தாங்க. குறுக்கே போற அளவை இருபத்திரண்டால பெருக்கி ஏழால வகுக்கணும். அப்பத்தான் சுத்தளவு வரும்."

"இவ்வளவு நாளா அதை வச்சுக்கிட்டா இருந்த?"

"மனசுல இருந்துச்சு. எனக்கென்ன பாரமா?"

மாடிக்குப் போய்ப் போட்டுப் பார்த்தேன். அரை வட்டத்துக்கு, மையத்திலிருந்து கோடு வரை உள்ள அளவை இருபத்திரண்டால் பெருக்கி ஏழால் வகுத்தால் போதும். இருபத்திரண்டு வைத்துப் போட்டால் அறுபத்தொன்பதும் சில்லறையும் வருகிறது. என்னிடம் இருப்பது அறுபத்தாறு. குறைகிற மூன்று அங்குலம் அதுதான். யாரும் எடுத்துப் போகவில்லை.

இருபத்தொன்று வைத்துப் போட்டேன். இருபத்தொன்றை ஏழால் வகுத்தால் மூன்று. மூன்று இருபத்திரண்டு அறுபத்தாறு. சில்லறை இல்லை. நூல் பிசகாமல் அறுபத்தாறு.

நாற்பத்திரண்டில் பாதி இருபத்தொன்று. பெலிக்ஸ் போட்டிருந்த நேர் தண்டவாளங்கள் இருந்த இடம் அது.

இதை நான் ஒப்புக்கொள்ளவில்லை. எழுதி மட்டும் வைக்கிறேன்.

ஆகஸ்ட் 23, சனி

நேர் தண்டவாளங்களைத் திரும்பப் போட்டேன். அளக்க வேண்டிய அவசியம் வரவில்லை. தேக்கில் அவன் அடித்த ஆணித் துளைகள் அப்படியே இருந்தன. ஆணியை வைத்தால் தானாக உள்ளே போகிறது. என் துளைகள் ஓர் அங்குலம் தள்ளி வரிசையாக நிற்கின்றன. மெழுகு வைத்து அடைத்தேன். கிட்டத்தில் பார்த்தால் தெரிகிறது.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

ஓய்வு நாளில் வேலை செய்யக் கூடாது. மையத்து ஆணியை மட்டும் சரிபார்த்தேன். ஆணிக்குப் பக்கத்தில் பெலிக்ஸ் பென்சிலால் சின்னதாக 21 என்று எழுதி, சுற்றி ஒரு வட்டம் போட்டிருக்கிறான். இத்தனை நாள் அதன் மேல் கையை ஊன்றிக்கொண்டு நின்றிருக்கிறேன்.

ஆகஸ்ட் 26, செவ்வாய்

சட்டத்தில் புதுத் துளை போட்டு, இருபத்தொன்றில் கோடு சுற்றினேன். நேற்று ஒரு துண்டு பொருத்தினேன், இன்று ஒரு துண்டு. கடைசி அங்குலத்துக்கு வரும்போது லூர்துவைக் கூப்பிட்டேன். வலது பக்க நேர் தண்டவாளத்தை அவள் அழுத்திப் பிடித்துக்கொண்டாள், நான் ஓட்டைக்குள் நின்று வளைவைத் தள்ளினேன். இணைப்புத் தகடு இரண்டு கம்பியிலும் ஏறியது. க்ளிக் என்று ஒரு சத்தம்.

"சுருக்கு வேணுமா?" என்று கேட்டாள்.

"வேணாம்" என்றேன்.

ரயிலை எப்படி ஓட்டுவது என்று எனக்குத் தெரியாது. ஒரு பெட்டியை மட்டும் எடுத்து வைத்து விரலால் தள்ளிக்கொண்டு போனேன். நேராகப் போய், முனையில் திரும்பி, என் முதுகுக்குப் பின்னால் வந்தது. நானும் கூடவே திரும்பினேன். பெட்டி தண்டவாளத்தை விட்டு இறங்கவில்லை. லூர்து சொன்னாள், "போன் போட்டுச் சொல்லட்டுமா? நாளன்னிக்கு லெட்டர் குடுத்துடுவான்." சொல்லக் கூடாது என்றேன். "அப்ப அவனுக்கு எப்படித் தெரியும்? கனவுல வருமா?" என்றாள்.

பெட்டியை இன்னொரு சுற்றுத் தள்ளினேன்.

ஆகஸ்ட் 27, புதன்

செய்ய வேண்டியவை, யார் யார் என்பதோடு:

பெலிக்ஸ்: வலது பக்க இணைப்புத் தகட்டை ஒருமுறை இறுக்க வேண்டும். அந்தச் சின்ன இடுக்கி என் விரலுக்கு நிற்கவில்லை. மேஜை அறுத்த விளிம்பை உப்புத்தாளால் தேய்க்க வேண்டும், தவழ்ந்து போனால் வேட்டி மாட்டுகிறது. இனி எதையாவது அறுப்பதென்றால் கேட்கும்போது என் கையிலிருந்து பேப்பரை வாங்கிவிட்டுக் கேட்க வேண்டும். மாற்றல் கடிதம் கொடுப்பதும் கொடுக்காததும் அவன் இஷ்டம். ஆனால் கொடுப்பதற்கு முன் ஒரு தடவை மாடிக்கு வர வேண்டும். அந்த ஐந்து சிநேகிதர்களையும் ஒரு ஞாயிற்றுக்கிழமை திரும்பக் கூட்டி வர வேண்டும். அதே ஐந்து பேர்.

செலின்: எந்த பட்டனை அழுத்தினால் ரயில் கிளம்பும், எதை அழுத்தினால் நிற்கும் என்று தமிழில் எழுதித் தர வேண்டும்.

லூர்து: நாளை காலை வரை போனைத் தொடக் கூடாது. என்னுடைய வெள்ளைச் சட்டையை இஸ்திரி போட்டு வைக்க வேண்டும். கூட வருகிறேன் என்று கிளம்பக் கூடாது. இனிமேல் என்னிடம் ஏதாவது கூடுதலாகப் பட்டால் உள்ளே விட்டுத் தைக்காமல் வாயால் சொல்ல வேண்டும். நான் ஒரு வாரம் பேசாவிட்டாலும் சொல்ல வேண்டும்.

நான்: ஏழு மணிக்குப் பணிமனைச் சங்கு ஊதுவதற்குள் அவன் உள்ளே இருக்க வேண்டியவன். ஆகவே நாளைக் காலை ஆறு மணிக்கே பொன்மலைப்பட்டியில் அவன் வீட்டு வாசலில் நிற்க வேண்டும். உள்ளே கூப்பிடாவிட்டால் வெளியிலேயே நின்று சொல்ல வேண்டும். இருபத்தொன்று சரி, இருபத்திரண்டு தப்பு என்று சொல்ல வேண்டும். எது இருபத்தொன்று என்று அவன் கேட்டால் மீதியையும் சொல்ல வேண்டும். கேட்காவிட்டாலும் சொல்ல வேண்டும்.